ஒல்லாந்தருக்கு மூத்த கோயில்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
2024 ஜூன் 4

அன்புள்ள அண்ணைக்கு மலர் எழுதுவது.

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நான் ஒரு சேர்ச்சைப் பார்க்கப் போய், வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன். நிருஜா அதைப் படம் பிடித்து உங்கள் மகன் ஷாந்தனுக்கு அனுப்பிவிட்டாள். டெக்சாஸ் வரைக்கும் போன செய்தி கலிபோர்னியாவுக்கு வர எவ்வளவு நேரம், ஆகவே என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மச்சானுக்கு வழக்கமான முதுகு. எனக்கு வழக்கமான வாய். உங்கள் தொண்டை எப்படி? ஆபரேஷனுக்குப் பிறகு ஃபோனில் உங்கள் குரல் பக்கத்து வீட்டில் யாரோ பாய் சுருட்டுகிற சத்தம் மாதிரிக் கேட்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளைக் கடிதம் எழுத வைத்த பெருமை உங்கள் தொண்டைக்குத்தான். பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம். போன முறை அனுப்பியது போதும்.

ஐசலினில் நான் சாரிக்கு ஃபால்ஸ் தைக்கும் கடைக்கு டொரதி என்று ஒரு வெள்ளைக்கார மனுஷி வருவா. தங்கள் சேர்ச்சை வருடத்தில் ஒரு நாள் ஊர் உலகத்துக்கெல்லாம் திறந்து காட்டுவோம், வந்து பார், தேத்தண்ணியும் கேக்கும் உண்டு என்று அவதான் சொன்னா. கேக் என்றதும் உங்கள் மச்சான் முதுகை மறந்து காரை எடுத்துவிட்டார்.

சேர்ச் வாசலில் நீட்டு மேசை போட்டுப் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். கோப்பை, தொப்பி, விளக்கு. மேசைக்குக் கீழே வரிசையாகச் சப்பாத்துகள். கோயில் வாசலில் சப்பாத்து வரிசையைப் பார்த்தால் நான் என்ன நினைப்பேன்? எல்லோரும் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள் என்று நானும் கழற்றி வரிசையில் வைத்தேன். உங்கள் மச்சான் கயிறு அவிழ்க்கச் சோம்பல்பட்டு அப்படியே போனார். அதனால் அவருடையது தப்பியது. என்னுடையதுதான் அன்றைக்கு முதலில் விற்ற சாமான் என்று டொரதி சந்தோஷமாகச் சொன்னா.

"அம்மா, வெயர் ஆர் யுவர் ஷூஸ்?" என்றாள் நிருஜா.

"சேர்ச்சுக்குக் குடுத்திட்டன்" என்றேன்.

இப்போது கதிரையில் நிமிர்ந்து இருங்கள். அந்தச் சேர்ச் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சத்தில் கட்டியது. இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் கூரை விழுந்து கிடந்ததை ஒரு சோப்புக் கொம்பனி முதலாளி வாங்கி, கல்லுக் கல்லாய்க் கழற்றி, நம்பர் போட்டுக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து மறுபடியும் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்.

மச்சாள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சேர்ச்சுக்கு முன்னால் 'ஹிஸ்டாரிக், 1890' என்று பலகையைக் கண்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தா. அவவுக்குச் சேர்ச்சும் கோயில்தான். "எங்கட ஊர்க் கோயில் ஒல்லாந்தர் கட்டினது. என்ர சாம்பலை வைக்கிறதெண்டால் அதிலும் மூத்த கோயிலாப் பார்த்து வையுங்கோ." நானும் அந்தக் காரில் பின் சீட்டில் இருந்தேன். அமெரிக்காவில் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லி, மச்சாள் போய் இரண்டு வருடத்துக்கு மேலாகியும் கட்டின மனுஷியைச் சாடியோடு அலுமாரியில் வைத்திருக்கிறீர்கள். இதோ இருக்கிறது. பின்பக்கத் தோட்டத்தில் சாம்பலை மண்ணோடு சேர்க்க இடமும் விட்டிருக்கிறார்கள்.

யோசித்து எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வெறுங்கால் மலர்


லிவர்மோர்
2024 ஜூன் 19

அன்புள்ள தங்கை மலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். மச்சானின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. இங்கே வெயில் கடுமை. கோயிலில் கார் நிறுத்தும் இடத்தில் தார் இளகுகிறது. நிர்வாகத்திடம் தெரிவித்திருக்கிறேன்.

நீ விவரித்த கட்டடம் பற்றிச் சில விவரங்கள் தேவை. சுவர் எந்த வகைக் கல்? கற்களுக்கிடையில் சுண்ணாம்புச் சாந்தா, சீமெந்தா? கூரை மரம் பழையதா, இங்கே செய்ததா? அத்திவாரம் எத்தனை அடி? மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது? நிபுணர் யாராவது பரிசோதித்த அறிக்கை உண்டா?

விற்பனைக்கு வைத்த பொருட்களின் நடுவே சப்பாத்தைக் கழற்றி வைத்தது உன் கவனக்குறைவு. இந்த நாட்டில் யாரும் சேர்ச் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதில்லை.

"சந்தோசம்" அல்ல, "சந்தோஷம்". நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய். முன்னேற்றம்.

அன்புடன்,
அண்ணா அரியரட்ணம்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
2024 ஜூலை 6

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை எழுதச் சொன்னால் தாரின் சுகத்தை எழுதியிருக்கிறீர்கள். பாவம், அது இப்போது எப்படி இருக்கிறது?

நான் ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பரீட்சையில் விடை தெரியாவிட்டால் நான் இப்படித்தான் பேப்பரை நிரப்புவேன். ரீச்சர் பிடித்துவிடுவா.

சரி, நாற்பது வருடம் பாலம் கட்டிய இஞ்சினியர் கேட்கிறீர்கள், பதில் சொல்கிறேன். சுவர் கல்லால் கட்டியிருக்கிறது. கூரை மேலே இருக்கிறது. அத்திவாரம் கீழே. மழை பெய்யாததால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரியவில்லை. அடுத்த முறை ஒரு வாளி கொண்டுபோய் ஊற்றிப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குப் பிடிக்கும். உள்ளே வலப்பக்கச் சுவரில் ஒரு தேவதூதர் தலைகீழாகத் தொங்குகிறார், வவ்வால் மாதிரி. இங்கே பூட்டும்போது மேசன்மார் கல்லைத் திருப்பிப் போட்டுவிட்டார்களாம். இறக்கையை விரித்துக்கொண்டு, முகத்தில் ஒரு கோபமும் இல்லாமல், நூறு வருடமாக அப்படியே. நான் அவருக்கு நேரே நின்று தலையைச் சரித்துப் பார்த்தேன். பின்னால் வந்த பிள்ளைகளும் தலையைச் சரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் முழுச் சனமும் கழுத்தைக் கோணிக்கொண்டு நின்றது. மச்சாள் இருந்திருந்தால் சிரிப்பை அடக்க வெளியே ஓடியிருப்பா.

இப்போது என்னுடைய ஒரே கேள்வி. மச்சாளை எப்போது கொண்டுவாறீர்கள்?

உங்கள் பதிலைப் பார்த்தபடி,
மலர்


லிவர்மோர்
2024 ஆகஸ்ட் 25

அன்புள்ள மலருக்கு,

நலம். பதில் தாமதமானதற்குக் காரணம், நூலகத்தில் இருந்து சில புத்தகங்களை வரவழைக்க வேண்டியிருந்தது.

உன் தகவல்களில் உபயோகமானது தேவதூதர் பற்றியது மட்டும். ஒரு கல் தலைகீழாக இருந்தால் மற்றக் கற்களும் தம் பழைய இடத்தில் இருப்பதாக நம்ப முடியாது. நான் வாசித்த அளவில், அந்தக் கட்டடம் 1927இல் இங்கே கட்டி முடிக்கப்பட்டது. கூரை மரம் ஓரிகனில் இருந்து வந்தது. சாந்து புதியது. தரை புதியது. ஆகவே கற்களின் வயது எதுவானாலும், கட்டடத்தின் வயது நூறுக்கும் குறைவு. ஞானமணி கேட்டது ஒல்லாந்தர் காலத்துக்கு முந்திய கோயில். இது அந்த வரையறைக்குள் வராது.

ஷாந்தன் அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறான். மச்சானுக்கும் நிருஜாவுக்கும் என் அன்பு.

அரியரட்ணம்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
2024 செப்டெம்பர் 3

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். உண்மையில் எனக்குக் கொஞ்சம் கோபம். ஆனால் பசிக்கிறது, ஆகவே சுகம்தான்.

உங்கள் கணக்கையே எடுப்போம். உங்கள் முழங்கால் டைட்டேனியம். பல்லு ஃப்ரீமோண்டில் கட்டியது. கண்ணுக்குள் இரண்டு கண்ணாடி வில்லை வைத்திருக்கிறார்கள். கூரை எப்போதோ போய்விட்டது, அதை நான் சொல்லத் தேவையில்லை. சாவகச்சேரியில் கழற்றி, 1986இல் சான் பிரான்சிஸ்கோவில் இறக்கிப் பூட்டிய சரக்கு நீங்கள். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. என்னை நீங்கள் அக்கா என்று கூப்பிட வேண்டும். நான் பின்னால் வந்தவள் என்றாலும் பூட்டிய பாகம் எதுவும் இல்லை, எல்லாம் ஊர்ச் சாமான்.

இதை நான் டொரதிக்கு நிருஜாவை விட்டுச் சொல்ல வைத்தேன். டொரதி சிரித்துவிட்டு, போதகரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறா. ஞானஸ்நானம் பெற்ற யாருக்கும் அந்தத் தோட்டத்தில் இடம் உண்டாம். மச்சாள் குழந்தையாக இருக்கும்போதே பெற்றுவிட்டா, அதுவும் ஒல்லாந்தர் கட்டிய தொட்டியில். இனி என்ன வரையறை இருக்கிறது என்று புத்தகத்தில் பார்த்து எழுதுங்கள்.

அக்கா மலர்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
2024 அக்டோபர் 28

அன்புள்ள அண்ணைக்கு,

நலம். பதில் இல்லை. 'அக்கா' என்றது கோபமா? வாபஸ் வாங்குகிறேன். தீபாவளிக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். முறுக்கு உடைந்திருந்தால் அதையும் நம்பர் போட்டுப் பூட்டிக்கொள்ளுங்கள்.

ஷாந்தன் ஃபோன் எடுத்தான். "மாமி, டோன்ட் டெல் ஹிம் ஐ டோல்ட் யூ" என்று தொடங்கினான். சொல்லாதே என்றால் எனக்கு இரவு சோறு இறங்காது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் மச்சாளைக் காரில் முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக்கொண்டு, இரண்டு பேர் போகிற கார்பூல் லேனில் போனீர்களாமே. போலீஸ் மறித்ததாமே.

உண்மையா என்று மட்டும் எழுதுங்கள். சிரிக்கமாட்டேன். எழுதும்போது சிரிக்கிறேன், அது வேறு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலர்


லிவர்மோர்
2024 நவம்பர் 12

அன்புள்ள மலருக்கு,

பார்சல் கிடைத்தது. முறுக்குகள் முழுதாக இருந்தன.

ஷாந்தன் சொன்னது பெரும்பாலும் சரி. தொண்டை டொக்டரிடம் போகும் நாட்களில் மட்டும் அவளைக் கொண்டுபோவேன். டொக்டரிடம் கேள்வி கேட்பது எப்போதும் அவள்தான். நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன், என்ன சொன்னார் என்று வீட்டில் ஞாபகம் இருக்காது. அவள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் கவனமாகக் கேட்கிறேன். டொக்டர் இதுவரை ஆட்சேபிக்கவில்லை.

கார்பூல் லேனுக்கு வேண்டுமென்று போகவில்லை. முப்பது வருடமாக இருவரும் அந்த லேனில்தான் வேலைக்குப் போய் வந்தோம். கை தானாகத் திருப்பிவிட்டது. காவல் அதிகாரி இளைஞர். "சேர், உங்களோடு வேறு யார்?" என்று கேட்டார். "என் மனைவி" என்றேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். பிறகு, "அடுத்த முறை மற்ற லேனில் போங்கள்" என்று சொல்லிவிட்டு, நான் திரும்பி ரோட்டில் ஏறும்வரை பின்னால் வரும் கார்களை மறித்துப் பிடித்தார். நல்ல வளர்ப்பு.

தொண்டை பரவாயில்லை என்றார்கள்.

தேவதூதர் விஷயம் இன்னும் யோசிக்க வேண்டியது. ஒரு பிழையைக் கண்ட பிறகும் அதை ஏன் திருத்தவில்லை என்று கேட்டு எழுது.

அரியரட்ணம்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
2024 டிசம்பர் 27

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். தொண்டை பரவாயில்லை என்று நீங்கள் எழுதிய வரியை உங்கள் மச்சானுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அதிசயம், உங்கள் சுகம் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கார்பூல் கதையைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. சிரிக்கத்தான் வாய் திறந்தேன்.

நத்தாருக்கு அந்தச் சேர்ச்சுக்குப் போனோம். சப்பாத்தோடு உள்ளே போனேன், கால் கூசியது. எல்லோரும் எழும்பிப் பாடினார்கள். எனக்குச் சொல் தெரியாது, மெட்டுத் தெரியும், மச்சாள் சமைக்கும்போது முணுமுணுக்கிறதுதான். ஆகவே வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் நின்ற மனிதர், உங்களுக்கு நல்ல குரல் என்றார்.

தேவதூதரைப் பற்றி டொரதியிடம் கேட்டேன். அவரைத் திருப்ப வேண்டுமென்றால் மேலே உள்ள சுவரை முழுக்க இறக்க வேண்டுமாம். சோப்பு முதலாளி அதற்கும் ஆயத்தமாகத்தான் இருந்தாராம். அப்போதிருந்த போதகர், இனிமேல் இடிப்பதும் கட்டுவதும் வேண்டாம், இவர் ஒருவரால் ஒன்றும் விழப்போவதில்லை என்று விட்டுவிட்டாராம். இஞ்சினியர் என்ன சொல்கிறீர்கள்? எனக்குத் தெரிந்தவரை தேவதூதருக்கும் பழகிவிட்டது.

சேர்ச்சில் இருந்து எங்கள் வீடு முக்கால் மணி நேரம். நடுவில் ஒரு தோசைக் கடை உண்டு. சும்மா எழுதினேன்.

மலர்


லிவர்மோர்
2025 பிப்ரவரி 16

அன்புள்ள மலருக்கு,

உங்கள் எல்லோருடைய நலத்தையும் அறிய விருப்பம். இங்கே மலைகள் இப்போது பச்சை. ஏப்ரல் முடிய மறுபடியும் மஞ்சளாகிவிடும்.

நீ சும்மா எழுதவில்லை. முக்கால் மணி நேரம், தோசைக் கடை என்றெல்லாம் நீ உனக்காகவே எழுதுகிறாய். அவளை உன் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாய். அது பிழை என்று நான் சொல்லவரவில்லை. நீ இந்த நாட்டுக்கு வந்த புதிதில், எங்களோடு இருந்தபோது, உனக்கு பஸ் ஏறப் பழக்கியதும், உன் தையலை நாலு பேருக்குக் காட்டியதும் அவள்தான். உனக்கும் உரிமை உண்டு.

சுவரை இறக்காமல் விட்டது சரியான முடிவு. நானும் அதையே செய்திருப்பேன். கற்களின் வயதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆகவே அந்தக் கோயில் ஒல்லாந்தருக்கு மூத்ததுதான். அதை நான் ஆகஸ்டிலேயே அறிவேன்.

என்னுடைய சிரமம் வேறு. அங்கே வரும்போது நாங்கள் இரண்டு பேர். திரும்பும்போது?

இதற்குப் பகிடி விடாமல் பதில் எழுத உன்னால் முடியுமானால் எழுது.

அரியரட்ணம்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
2025 மார்ச் 9

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம்.

பகிடி விடாமல் எழுதச் சொன்னீர்கள். தாள் தாளாய்க் கிழித்தேன். உங்கள் மச்சான், என்ன, மாணவிக்குப் பரீட்சையா என்று கேட்டார்.

திரும்பும்போது ஒரு ஆள். அதை நான் மாற்ற முடியாது, நீங்களும் மாற்ற முடியாது. விமானத்தில் பக்கத்துச் சீட்டில் யாரோ ஒருவர் இருப்பார். வீட்டுக்குப் போகும் ரோட்டில் வலப்பக்க லேனில், லொறிகளோடு, மெதுவாகப் போங்கள். அந்த லேனுக்கு ஒருவர் போதும்.

நீங்கள் சொன்னது சரி, எனக்கு ஆசைதான். மச்சாள் போனபோது எனக்கு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. முகத்தைக் காணவில்லை. நீங்கள் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கே வைத்தால் நான் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு உங்களுக்கு எழுதுவேன், பூ என்ன நிறம், புல் வெட்டினார்களா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று. உங்கள் தொண்டை சுகமானாலும் எழுதுவேன்.

பகிடி விடாத பகுதி முடிந்தது. மூச்சு வாங்குகிறது.

சேர்ச்சைத் திறந்து காட்டும் நாள் இந்த முறை ஜூன் ஏழாம் திகதி. போதகர் அன்று காலையிலேயே தோட்டத்தில் ஜெபம் செய்து வைப்பாராம். வந்தால் சப்பாத்தைக் கழற்றாதீர்கள். டொரதி கண்ணில் படுவதெல்லாம் விற்பா.

மலர்


லிவர்மோர்
2025 ஏப்ரல் 30

அன்புள்ள மலருக்கு,

நலம். ஜூன் ஐந்தாம் திகதி நூவர்க்கில் இறங்குகிறேன். நிருஜா அழைக்க வரட்டும். மச்சான் வேண்டாம், முதுகு. ஷாந்தனுக்கு வேலை, வர முடியாது, ஃபோனில் பார்ப்பான்.

விமானக் கொம்பனியிடம் கேட்டுவிட்டேன். அவளை மடியில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. பெல்ட் எனக்கு மட்டும்.

ஆடம்பரம் எதுவும் வேண்டாம். ஊருக்கெல்லாம் சொல்லாதே. மரக்கறிச் சாப்பாடு போதும்.

சப்பாத்து பற்றி எனக்கு அறிவுரை தேவையில்லை. இந்த நாட்டு வழக்கம் எனக்குத் தெரியும். இந்தப் பயணத்துக்கென்று ஒரு புதுச் சோடி, மண்ணிறத் தோல், கயிறு கட்டியது வாங்கியிருக்கிறேன். அதோடுதான் உள்ளே போவேன்.

அரியரட்ணம்


லிவர்மோர்
2025 ஜூன் 15

அன்புள்ள மலருக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். வலப்பக்க லேனில் வந்தேன். எனக்கு முன்னால் தக்காளி ஏற்றிய லொறி ஒன்று ஊர்ந்தது. முந்தவில்லை. மச்சானின் முதுகுக்கும் உன் காலுக்கும் ஓய்வு கொடு. தோட்டத்தில் அவ்வளவு நேரம் நின்றாய்.

அலுமாரியில் அந்த இடத்தில் இப்போதைக்கு ஒன்றும் வைக்கவில்லை. உன் கடிதங்களை வைக்கலாம் என்று யோசிக்கிறேன். முதலில் பிழைகளைத் திருத்த வேண்டும்.

வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றியபோது நீ ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு நன்றி. கேட்டிருந்தால் பதில் இதுதான்: ஞானமணி எந்தக் கோயிலுக்குள்ளும் செருப்போடு போனதில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் சப்பாத்தோடு போகக் கால் வரவில்லை. சாடியைப் பிடி என்று உன்னிடம் தந்துவிட்டுக் குனிந்து கயிற்றை அவிழ்த்தேன். எங்கே வைக்கிறேன் என்று பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே ஒரு வரிசை இருந்தது. உன்னுடையதை நீ சாரிக் கடைப் பையில் போட்டுத் தோளில் மாட்டியிருந்தாய். அனுபவம்.

உள்ளே தேவதூதரைப் பார்த்தேன். பொருத்து வேலை ஒழுங்காக இருக்கிறது. தலையைச் சரித்துப் பார்க்கத் தேவையில்லை, நிமிர்ந்தபடியே அடையாளம் தெரிகிறது.

நாங்கள் பின்கதவால் தோட்டத்துக்கு வருவதற்குள் சப்பாத்து விற்றாகிவிட்டது என்பது உனக்குத் தெரியும். யார் வாங்கினார் என்று ஞாபகம் இல்லை என்று டொரதி சொன்னதை நீ நம்பினாய். நானும் மறுக்கவில்லை. மச்சானின் குளியலறைச் செருப்பை அடுத்த பார்சலில் அனுப்புகிறேன். நூவர்க் விமான நிலையத்தில் அதைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன், திருப்பித் தந்துவிட்டார்கள்.

ஆனால் ஜெபம் முடிய நிருஜா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், அதைப் பற்றி ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். "மாமா, யூ நெவர் லுக்ட் அப்" என்றாள். போதகர் வாசித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் தலையைக் குனிந்தபடியே நின்றது அவளுக்குத் துக்கமாகத் தெரிந்திருக்கிறது. துக்கமும் இருந்தது. காலையில் புல் மிகவும் ஈரம், என் காலுறைகள் நனைந்துவிட்டன. போதகரின் சொந்தச் சப்பாத்தும் தோட்டத்தைத் தயார் செய்யும்போது நனைந்திருக்க வேண்டும், அது கதவடியில் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் ஜெபத்துக்கு வேறொரு சோடி போட்டுக்கொண்டு வந்திருந்தார். மண்ணிறத் தோல், கயிறு கட்டியது.

அவருக்கு அளவு சரியாக இருந்தது.

அன்புடன்,
அண்ணா அரியரட்ணம்